இளைப்பாற வந்த வாசகர்

ஜார்ஜெட் ஹேயரின் 'த கிராண்ட் சோஃபி' 1950இல் வெளிவந்த ஆங்கில நாவல். 1816ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் சிரிப்பும் காதலுமான கதை. அதைப் படித்தவர்கள் பேசுவதைக் கவனித்தால் ஒருவரிடமிருந்தே இரண்டு தீர்ப்புகள் வருவதைக் காணலாம். இத்தனை சந்தோஷம் தந்த புத்தகம் வேறில்லை என்பார்கள். கையோடு, நடுவில் வட்டிக்காரன் வரும் அந்த அத்தியாயத்தைப் படிக்க முடியவில்லை என்றும் சொல்வார்கள். இலக்கியம் கற்றவர்களுக்கு இது தெளிவில்லாத பேச்சாகத் தோன்றலாம். பிடித்தது என்றால் பிடித்தது, இல்லை என்றால் இல்லை, அல்லது இரண்டையும் எடை போட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது விமர்சன ஒழுங்கு. எனக்கோ இந்த நாவலைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இந்த இரட்டைப் பேச்சே மிகத் துல்லியமானது என்று படுகிறது. இலகுவான நாவலுக்குச் சலுகை காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அதைக் கனமான நாவலைவிடக் கறாராகப் படிக்க வேண்டும் என்பதைச் சாதாரண வாசகர்கள் யாரும் சொல்லித் தராமலே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஹேயரைப் பொறுத்தவரை வாசகர் கருத்து என்ற ஒன்றைத் தவிர வேறு கருத்து நெடுங்காலம் இருந்ததே இல்லை. ரத்தம் உறையாத நோயால் அவதிப்பட்ட தம்பிக்கு, அவன் உடல் தேறிவந்த நாட்களில் பொழுது போகச் சொன்ன கதைதான் 1921இல் 'த பிளாக் மாத்' என்ற முதல் நாவலாயிற்று. அப்போது ஹேயருக்கு வயது பத்தொன்பது. 1926இல் 'தீஸ் ஓல்டு ஷேட்ஸ்' வெளிவந்த சமயம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். பத்திரிகையில் மதிப்புரை இல்லை, விளம்பரம் இல்லை; ஆனாலும் அது 1,90,000 பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. விளம்பரம் தேவையில்லை என்று அன்றோடு முடிவு செய்தவர், பேட்டி கொடுக்காமலேயே வாழ்ந்து 1974இல் இறந்தார். இறந்தபோது அவருடைய நாற்பத்தெட்டு நூல்கள் அச்சில் இருந்தன. இவ்வளவுக்கும் இடையில் தீவிர இலக்கியத் தரப்பிலிருந்து ஒருவர் நின்று அவரைத் திரும்பிப் பார்க்க 1969 ஆயிற்று. பார்த்தவர் ஏ. எஸ். பயட். நீங்கள் நினைப்பதைவிட ஹேயர் நல்ல நாவலாசிரியர் என்று அவர் ஒரு மாத இதழில் எழுதியபோது, 'நீங்கள்' என்பதில் கோடிக்கணக்கான வாசகர்கள் அடங்கவில்லை. அவர்கள் நினைப்பு ஏற்கெனவே வேறாக இருந்தது. 1950இலேயே தமிழில் கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கினார் என்பதும், அதையும் வாசகர்கள் ஒரு பக்கமும் சிறுபத்திரிகைகள் மறுபக்கமுமாக நின்றே படித்தார்கள் என்பதும் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் கல்கியைத் திட்டவாவது செய்தார்கள். ஹேயருக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

நாவலில் என்ன இருக்கிறது? ராஜதந்திரியான தந்தையோடு ஐரோப்பாவெங்கும் சுற்றி வளர்ந்த சோஃபி, லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் இருக்கும் தன் அத்தை வீட்டுக்கு வந்து இறங்குகிறாள். கூடவே ஒரு குரங்கு, ஒரு கிளி, ஒரு வேட்டைநாய், சலமான்கா என்ற குதிரை. வீட்டில் யாருக்கும் சிரிப்பு இல்லை. சூதாடித் தீர்த்த தகப்பனின் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்ட மூத்த மகன் சார்ல்ஸ் எல்லோரையும் அதட்டியபடி இருக்கிறான்; யூஜினியா என்ற நல்லொழுக்கச் சீமாட்டியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தங்கை சிசிலியா, அழகைத் தவிர எதுவும் இல்லாத ஒரு கவிஞனிடம் மனத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டார் பார்த்த நல்ல மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். அந்த மாப்பிள்ளைக்கோ சரியான சமயம் பார்த்துப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. சோஃபி இவர்கள் ஒவ்வொருவரையும் தள்ளி, இழுத்து, ஏமாற்றி, ஒரு கட்டத்தில் ஒருவர் கையில் துப்பாக்கியால் சுட்டும்கூடச் சரியான ஜோடிகளில் கொண்டு சேர்க்கிறாள். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். இதைத் தாங்குவது ஹேயரின் கைப்பழக்கம். ஒரே அறையில் எட்டுப் பேரை நிறுத்தி ஒவ்வொருவரையும் தத்தம் கவலையைப் பற்றியே பேசவிட்டு, யார் பேசியது என்று சொல்லாமலே நமக்குத் தெரியவைக்கும் உரையாடல். பழைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் தேடி எடுத்த கொச்சைச் சொற்கள். குதிரை வண்டி, தொப்பி, சாலை என்று எதிலும் பிசகாத விவரம். இப்படிப்பட்ட கதைகளை எழுதுவதற்காகத் தன்னைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்றும், ஆனால் குண்டுவீச்சுக்குப் பதுங்கியிருக்கும்போதோ காய்ச்சலிலிருந்து எழும்போதோ தானே விரும்பிப் படிப்பேன் என்றும் போர்க்காலத்தில் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். கேலியாகச் சொன்னது பிறகு உண்மையாயிற்று. ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்த ஒரு பெண், ஹேயரின் 'ஃப்ரைடேஸ் சைல்டு' கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி உடனிருந்த பெண்களைத் தேற்றிவந்ததாக அவருக்கு எழுதினார். வாசகர் கடிதங்களை மதிக்காத ஹேயர் பத்திரப்படுத்திய கடிதம் அது.

வாசகர்களின் குறைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சோஃபி எல்லோர் வாழ்க்கையிலும் கை வைக்கிறாள், அவளுக்கு யார் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று ஒரு சாரார் எரிச்சல்படுகிறார்கள். நியாயமான எரிச்சல். ஆனால் அந்தத் தலையீடுதான் நாவலின் இயந்திரம். அதை நிறுத்தினால் எட்டுப் பேரும் முதல் அத்தியாயத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். காதல் போதவில்லை என்பது இன்னொரு குறை. சார்ல்ஸும் சோஃபியும் புத்தகம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் திடுமெனச் சேர்கிறார்கள், அதுவும் அவன் அவளிடம் அன்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். 1972இல் கேத்லீன் வுடிவிஸ் எழுதிய 'த ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்' படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்த பிறகு வளர்ந்த வாசகர்களுக்கு ஹேயரிடம் கதவே இல்லாதது வியப்பாக இருக்கிறது. இது நாவலின் குறை என்பதைவிட, ஒரே அலமாரியில் வைக்கப்பட்ட இரண்டு வகைக் கதைகளின் குழப்பம். அவர் எழுதியது நாடக மேடையின் மரபில் வந்த இன்பியல். அங்கே காதல் என்பது சண்டையின் லயத்தில் கேட்க வேண்டியது.

மூன்றாவது குறை நமக்கு வேடிக்கையாக இருக்கும். சோஃபியின் தந்தையும் சார்ல்ஸின் தாயும் உடன்பிறந்தவர்கள். அதாவது அவனுக்கு அவள் மாமன் மகள். இன்றைய அமெரிக்க வாசகர் பலர் இதைப் படித்து முகம் சுளிக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் அப்படிப்பட்ட திருமணத்தைச் சட்டமே தடுக்கிறது. தமிழ் வாசகருக்கோ, வேறிடத்தில் நிச்சயமாகிவிட்ட பையன் வீட்டுக்குத் தாய்மாமன் மகள் மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கிய அந்தக் கணமே முழுக்கதையும் தெரிந்துவிடும். முறைப்பெண் வந்தாயிற்று, இனி யூஜினியா மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹேயரின் காலத்து இங்கிலாந்துக்கும் அது உறுத்தலாக இருந்திருக்காது, கதை நடக்கும் காலத்துக்கோ சுத்தமாக இல்லை. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' 1814இல் அக்கா தங்கை பிள்ளைகளின் திருமணத்தில்தான் முடிகிறது. விக்டோரியா ராணி மணந்ததும் மாமன் மகனையே. ஆகவே பழைய நாவலைப் படிக்கும் இன்றைய மனம் கூசுகிற இடமெல்லாம் குற்றம் என்று ஆகாது. வழக்கம் மாறியதால் வரும் கூச்சம் ஒன்று. புத்தகம் யாரையோ காயப்படுத்துவதால் வரும் கூச்சம் வேறு. இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் வட்டிக்காரன் அத்தியாயத்துக்குப் போக வேண்டும்.

சார்ல்ஸின் தம்பி ஹியூபர்ட், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கிற பையன், அண்ணனுக்குத் தெரியாமல் கோல்டுஹேங்கர் என்பவனிடம் கடன் வாங்கிச் சிக்கிக்கொள்கிறான். சோஃபி தன் நகையைக் கொண்டு திரட்டிய பணத்தோடும் ஒரு கைத்துப்பாக்கியோடும் தனியாக அவனுடைய அழுக்குச் சந்துக்குப் போய், கடன் பத்திரத்தையும் அடகு மோதிரத்தையும் மீட்டுவருகிறாள். கோல்டுஹேங்கர் யூதன். எண்ணெய்ப் பிசுக்கேறிய சுருள்முடி, இனத்தைக் காட்டும் மூக்கு, குழைவுச் சிரிப்பு, பேராசை என்று பல நூற்றாண்டுக் கேலிச்சித்திரத்தின் எல்லா உறுப்புகளும் அவனிடம் இருக்கின்றன. அவன் நடந்துகொள்ளும் விதத்துக்குக் காரணம் அவன் இனத்தின் இயல்பே என்ற விளக்கமும் வருகிறது. அந்த விளக்கத்தைச் சொல்வது கதாபாத்திரம் எதுவும் அல்ல. கதைசொல்லியே சொல்கிறார். நாஜி வதைமுகாம்களின் கதவு திறந்து, படங்களும் செய்திகளும் லண்டன் பத்திரிகைகளில் வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த வேளையில் எழுதி அச்சிட்ட பக்கங்கள் இவை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது என்பது. வரலாற்று நாவல் வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டாமா, 1816இல் லண்டன் கனவான்கள் யூதர்களைப் பற்றி அப்படித்தானே நினைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி வலுவானதுதான், கனமான நாவலைப் பற்றிக் கேட்டிருந்தால். 1816 எப்படிப்பட்ட ஆண்டு என்று பார்ப்போம். முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் கோடை வராத ஆண்டு அது. விளைச்சல் போயிற்று, தானியச் சட்டத்தால் ரொட்டி விலை ஏறியிருந்தது, வாட்டர்லூவில் வென்ற சிப்பாய்கள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். மே மாதம் ஈலி, லிட்டில்போர்ட் ஊர்களில் விவசாயக் கூலிகள் கலகம் செய்து, ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிமை வியாபாரம் 1807இல் தடை செய்யப்பட்டிருந்தாலும் அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள், பெர்க்லி சதுக்கம் போன்ற இடங்களின் பணத்தில் அவர்கள் உழைப்பும் கலந்திருந்தது. இவற்றில் ஒன்றும் 'த கிராண்ட் சோஃபி'யில் இல்லை. பசி இல்லை, தூக்கு இல்லை, அடிமை இல்லை, மழைகூடத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்தான் பெய்கிறது. போர்கூட அழகான அதிகாரிகள் நினைவுகூரும் இனிய பழங்கதை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இலகுவான நாவல் இப்படித்தான் செய்யப்படுகிறது. உலகத்தில் பாரமானதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதே அதன் கலை. ஆனால் அப்படிச் சாத்தியவர், உள்ளே ஒன்றை விட்டிருக்கிறார் என்றால், காலம் அதை உள்ளே தள்ளியது என்று பிறகு சொல்ல முடியாது. 'போரும் வாழ்வும்' போன்ற நாவலில் அசிங்கம் இருந்தால் உலகத்தில் இருப்பதால் இருக்கிறது எனலாம். இங்கே எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கலகம் செய்த கூலியின் முகம் வாசகரின் நிம்மதியைக் கெடுக்கும் என்று ஆசிரியர் கணக்கிட்டார். யூத வட்டிக்காரனின் முகம் கெடுக்காது, இன்னும் கொஞ்சம் சுவை கூட்டும் என்றும் கணக்கிட்டார். வரலாற்று விவரமாகக்கூட அது கட்டாயமானது அல்ல. அன்றைய லண்டனில் கனவான்கள் கடன் வாங்கப் போன பிரபலமான இடங்களில் ஒன்று ஹாவர்டு அண்ட் கிப்ஸ். பெயரைக் கேட்டால் பிரபுக்களின் தையற்கடை போலத்தான் இருக்கும்.

காலத்தைச் சாக்காகச் சொல்பவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே ஒரு பதில் கிடைக்கிறது. அயர்லாந்தில் வாழ்ந்த மரியா எட்ஜ்வொர்த், ஆஸ்டினைவிட அன்று புகழ்பெற்ற நாவலாசிரியை, தன் கதைகளில் யூதர்களைக் கெட்டவர்களாகவே காட்டிவந்தார். 1812இல் வந்த 'தி ஆப்சென்டீ' நாவலின் கொடுமைக்காரக் கடன்காரனுக்கு மோர்டெகை என்று பெயர். 1815இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஓர் இளம் ஆசிரியை அவருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளுக்கு நேர்மையும் நியாயமும் கற்றுத் தரும் நீங்கள் ஒரு மக்கள் கூட்டத்தை மட்டும் ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்பது கேள்வி. கடிதத்தில் கையெழுத்து ரேச்சல் மோர்டெகை. எட்ஜ்வொர்த் 1816இல் பதில் எழுதினார், தவற்றுக்குப் பரிகாரமாக 'ஹாரிங்டன்' என்ற நாவலை எழுதி 1817இல் வெளியிட்டார். அதாவது சோஃபி துப்பாக்கியோடு சந்துக்குப் போவதாக ஹேயர் கற்பனை செய்த அதே ஆண்டில், நிஜமான ஒரு நாவலாசிரியை ஒரு வாசகியின் கருத்தை மேசையில் வைத்துக்கொண்டு அந்தச் சித்திரத்தை மாற்ற உட்கார்ந்திருந்தார். பிறகு 1863இல் எலைசா டேவிஸ், 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் ஃபேகின் என்ற யூதக் குற்றவாளியைப் படைத்ததற்காகச் சார்ல்ஸ் டிக்கன்ஸைக் கேள்வி கேட்டார். டிக்கன்ஸின் பழைய வீட்டை விலைக்கு வாங்கியவரின் மனைவி அவர். டிக்கன்ஸின் முதல் பதில் நாம் மேலே கண்ட அதே சாக்கு: கதை நடக்கும் காலத்தில் அவ்வகைக் குற்றவாளிகள் யூதர்களாகவே இருந்தார்கள் என்பது. ஆனால் அடுத்த நாவலில் ரயா என்ற கண்ணியமான யூதரை வைத்தார். அங்கே அவர் பெயரை முன்னிறுத்திக் கடன் தொழில் செய்து லாபம் பார்ப்பவன் கிறித்தவன். 1867 பதிப்பில் 'ஆலிவர் ட்விஸ்ட்'டின் பின்பகுதியில் பல இடங்களில் 'யூதன்' என்பதை எடுத்துவிட்டு ஃபேகின் என்ற பெயரைப் போட்டார். வாசகர் கருத்து என்பது புத்தகம் முடிந்த பிறகு கேட்கும் முணுமுணுப்பு என்றால் இவையெல்லாம் நடந்திருக்காது. ஹேயர் எழுதுவதற்கு வெகு முன்பே நடந்தவை இவை. 1950இல் தெரிந்திருக்க முடியாத ஒன்றை நாம் இன்று அவர்மேல் திணிக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் பரவலானது, இன்னும் சோம்பலானது. பொழுதுபோக்கு நாவலில் போய் இதையெல்லாம் பார்க்கலாமா, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். இவர்கள் இலகுவை மதிக்கிறவர்கள் போலப் பேசினாலும் உள்ளூர அதை அவமதிக்கிறார்கள். பொருட்படுத்தத் தேவையில்லாதது என்பதுதான் அவர்கள் தருகிற சலுகையின் பொருள். படிப்பவரோ பொருட்படுத்துகிறார். பகல் வேலை முடிந்து, அல்லது உடம்பு சரியில்லாமல், அல்லது ருமேனியச் சிறையில் இருந்தபடி, ஒருவர் இப்படிப்பட்ட கதைக்குள் நுழையும்போது வாசலிலேயே தற்காப்பைக் கழற்றி வைத்துவிடுகிறார். தாஸ்தயேவ்ஸ்கியைத் திறப்பவர் அடி விழும் என்று எதிர்பார்த்தே திறக்கிறார். ஹேயரைத் திறப்பவர் இங்கே எனக்கு எதுவும் நேராது என்ற நம்பிக்கையில் திறக்கிறார். அந்த நம்பிக்கையை உண்டாக்கித்தான் நூலாசிரியர் வேலை செய்கிறார், அதற்குத்தான் விலையும் வாங்குகிறார். ஹேயரின் நூல்களைப் பலர் வாங்கவில்லை, பூட்ஸ் மருந்துக்கடைகளோடு சேர்ந்து நடந்த வாடகை நூலகம் போன்றவற்றில் எடுத்துப் படித்தார்கள். 1950இல் லண்டனில் அப்படி எடுத்துப் போன பெண்களில், ஐரோப்பாவில் உறவினரை இழந்த யூதப் பெண்ணும் இருந்திருப்பார். குரங்குக்கும் கிளிக்கும் சிரித்துக்கொண்டே வந்தவர் அந்த அத்தியாயத்தில் தெரிந்துகொள்வது, இந்த நிம்மதி தனக்காகச் செய்யப்பட்டது அல்ல என்பதை. பாரமான நாவல் தராத வலி அது. நம்முடைய திரைப்பட நகைச்சுவையில் நீண்ட காலம் வந்துபோன அடகுக்கடை சேட்டு இதற்கு வெகு தூரத்தவர் அல்ல. 'நம்பள்கி நிம்பள்கி' என்று அவர் பேசத் தொடங்கியதுமே அரங்கம் சிரிக்கத் தயாராகிவிடும். அந்தச் சிரிப்பில் சேர முடியாத ஒரு குடும்பமும் டிக்கெட் வாங்கி அரங்கில் இருக்கலாம் என்பது எழுதியவர் கணக்கில் இல்லை.

அப்படியானால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா என்று அடுத்த மறுப்பு வரும். வாசகர்கள் போடவில்லை என்பதையே நான் சாட்சியாகக் காட்டுவேன். பிடித்ததையும் பிடிக்காததையும் ஒன்றையொன்று ரத்து செய்யவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அது சுயமுரண் அல்ல என்பதற்கு நாவலிலேயே ஆதாரம் இருக்கிறது. யூஜினியாவைப் பாருங்கள்: நாவலின் எதிர்நாயகி அவள்தான். ஆனாலும் அவளுக்குச் சொந்தக் குரல் உண்டு; நல்லெண்ணத்தோடு பிறரைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்குள்ள நுணுக்கத்தை ஹேயர் அவ்வளவு பொறுமையாகத் தீட்டுகிறார், நாம் எல்லோரும் அவளை எங்கோ சந்தித்திருப்போம். சோஃபியின் தந்தை மணக்க நினைத்திருக்கும் ஸ்பானியச் சீமாட்டி சான்சியா இன்னும் நல்ல உதாரணம். அவளும் ஒரு வார்ப்புதான், எந்நேரமும் சோபாவில் தூங்கி வழியும் தெற்கத்திச் சோம்பேறி. ஆனால் கடைசிப் பகுதியில் எல்லோரும் ஒரு பாழடைந்த கிராமத்து மாளிகையில் வந்து மாட்டிக்கொள்ளும்போது அந்தச் சோம்பேறிதான் சமையலறையில் இறங்கி இரவு உணவு தயாரிக்கிறாள், தன் மாப்பிள்ளையையும் தானே மாற்றிக்கொள்கிறாள். வார்ப்பிலிருந்து தொடங்கி வார்ப்பை உடைத்துச் சிரிக்கவைப்பது ஹேயருக்கு நன்றாகக் கைவந்த வித்தை. அந்த வித்தையைக் கோல்டுஹேங்கருக்கு மட்டும் அவர் தரவில்லை. அதனால் அந்த அத்தியாயம் அறப்பிழை மட்டுமல்ல, புத்தகத்திலேயே மோசமாக எழுதப்பட்ட அத்தியாயமும்கூட. சோஃபி அங்கே யாரையும் வெல்லவில்லை. எதிரில் இருப்பது பழைய நாடகப் பெட்டியிலிருந்து எடுத்த முகமூடி. துணிச்சல்காரி என்று அவளைக் கொண்டாட வைக்க வேண்டிய இடத்தில் அவள் மலிவாகத் தெரிகிறாள். மற்ற அத்தியாயங்களில் ஹேயரின் கை எவ்வளவு நுட்பமானது என்று அறிந்த வாசகருக்குத்தான் இங்கே அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரியும். நேசிப்பதால்தான் குற்றமும் கண்ணில் படுகிறது.

2023இல் இந்த நாவலின் புதிய அமெரிக்கப் பதிப்புக்காக அந்த அத்தியாயத்தில் சில மாற்றங்கள் செய்யப்பட்ட செய்தி, பழைய நூல்களைத் திருத்தலாமா என்று அப்போது நடந்த பெரிய விவாதத்தின் ஒரு பகுதியாக வெளிவந்தது. மூக்கையும் முடியையும் இனத்தையும் எடுத்துவிட்டால் காட்சி வெறும் வட்டிக்காரனைப் பற்றியதாகிவிடும், யாருக்கும் வலிக்காது, நாவல் இன்னும் ஐம்பது ஆண்டு வாழும் என்பது திருத்துவோரின் நியாயம். அதில் வணிகம் மட்டுமல்ல, நல்லெண்ணமும் இருக்கிறது. எனினும் சத்தமில்லாமல் செய்யப்படும் திருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஹேயர் கொடுக்காத நிம்மதியை ஹேயர் பெயரால் கொடுப்பது அது. நாவலைக் கண்டித்த வாசகரின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, அந்தத் தீர்ப்பு சொல்லப்பட்டதற்கான தடயத்தையும் அழித்துவிடுகிறது. டிக்கன்ஸ் தானே திருத்தினார், எட்ஜ்வொர்த் தானே வேறு நாவல் எழுதினார். இறந்தவர் அப்படிச் செய்ய முடியாது, அவர் பொருட்டுப் பிறர் செய்தால் செய்ததைச் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. மேலும் பரிகாரமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது அல்ல. 'ஹாரிங்டன்' ரேச்சல் மோர்டெகைக்குப் பிடித்திருந்தது, நன்றி சொன்னார். ஆனால் கதையின் யூத நாயகி பெரனிஸ், நாயகனை மணக்க வேண்டிய நேரத்தில் கிறித்தவளாக வளர்ந்தவள் என்று தெரியவருகிறது. அது தனக்கு ஏமாற்றமாக இருந்ததையும் ரேச்சல் மறைக்காமல் எழுதினார். எட்ஜ்வொர்த் அதையும் வாங்கிக்கொண்டார். ரேச்சல் 1838இல் இறக்கும்வரை அவர்களுக்குள் கடிதம் போய்க்கொண்டிருந்தது. முதல் கடிதத்தில் சொன்ன குறை அச்சில் அப்படியே இருந்ததால்தான் இரண்டாவது கடிதத்துக்கும் இடம் இருந்தது.